கத்துகின்ற பெல்ட்டும் அதன் காரணங்களும்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வாழ்கின்றவர்களுக்குப் பெல்ட்டின் சப்தத்தைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ரைஸ் மில்லில் தலைக்கு மேலே சுழலும் தண்டிலிருந்து இறங்கி வருகின்ற அகன்ற தட்டைப் பெல்ட்டைப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறையும், ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கின்ற ஆலைகளிலும், குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இரவு பகல் ஓயாத விசைத்தறிக் கூடங்களிலும் மோட்டாருக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஓடுகின்ற பெல்ட்டைத் தினந்தோறும் கேட்டுப் பழகிய இன்னொரு தலைமுறையும் இங்கே உண்டு. ஆகையால் பழைய காரின் பானெட்டுக்கு அடியிலிருந்து கீச்சென்று ஓர் ஒலி கிளம்பியதுமே, மெக்கானிக்கைக் கேட்காமலே, "பெல்ட் கத்துதுங்க" என்று வண்டிக்குச் சொந்தக்காரர் தாமே சொல்லிவிடுகிறார். சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஆனால் கத்துவது பெல்ட் என்று அறிவது வரையில்தான் அந்தச் செவிப்பழக்கம் துணை செய்யும். ஏன் கத்துகிறது என்ற கேள்விக்கு மில்லின் அனுபவம் தருகின்ற விடை தவறானது. மில்லில் பெல்ட் வழுக்கினால் இழுத்துக் கட்டுவார்கள், இல்லையேல் குங்கிலியத்தைப் பொடி செய்து தூவுவார்கள்; காரில் இவ்விரண்டும் பல சமயங்களில் கோளாறை மறைத்து வளர்க்கின்ற பிரயோகங்களாகவே முடிகின்றன. கடைக்குப் போய்ப் புதிய பெல்ட் வாங்குவதற்கு முன்னால் அறிந்துகொள்ள வேண்டியவற்றையே இந்த அத்தியாயம் முதன்மையாகக் கருதுகிறது.

பெல்ட் எதை எதைச் சுழற்றுகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரையில் தயாராகிவந்த அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினிலும், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. என்ஜினிலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றே: கீழே கிராங்க் தண்டின் புல்லி, மேலே வாட்டர் பம்பின் புல்லி, பக்கவாட்டில் டைனமோவின் புல்லி ஆகிய மூன்றையும் சுற்றி ஒரே ஒரு பெல்ட் ஓடும், வாட்டர் பம்பின் முகப்பிலேயே விசிறியும் பொருத்தப்பட்டிருப்பதால் அதற்கு ஃபேன் பெல்ட் என்று பெயர் வந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் விசிறி மின்சாரத்தால் சுழல்வது. அங்கே இந்தப் பெல்ட் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் மட்டுமே ஓட்டுகிறது, ஏ.சி. இருந்தால் அதன் கம்ப்ரெஸருக்கு வேறொரு பெல்ட் உண்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய சான்ட்ரோவும் இன்று பழைய கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அவ்வகை வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் ஒரு பெல்ட் சேர்ந்துகொள்வதால், கத்துவது எந்தப் பெல்ட் என்பதே முதல் விசாரணையாகிறது.

மில்லின் தட்டைப் பெல்ட்டுக்கும் காரின் வி-பெல்ட்டுக்கும் உள்ள பேதம் வடிவத்தில் மட்டும் இல்லை, பிடிக்கும் விதத்திலும் இருக்கிறது. தட்டைப் பெல்ட் தன் அடிப்பரப்பால் புல்லியைப் பற்றுகிறது. வி-பெல்ட்டோ தன் இரண்டு சாய்ந்த விலாக்களால் புல்லியின் பள்ளத்துச் சுவர்களை நெருக்கிப் பிடிக்கிறது. ஏறத்தாழ நாற்பது பாகை கோணத்தில் அமைந்த அந்தப் பள்ளத்தில் பெல்ட் ஆப்பைப்போல் இறங்குவதால், அதே இழுவிசைக்குச் சுவர்களின்மேல் விழும் அழுத்தம் தட்டைப் பெல்ட்டுக்கு உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 1917-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் இந்த வகை ரப்பர் பெல்ட்டைச் செய்து வெளியிட்ட பிறகு உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் இதனையே தழுவியதற்கு இந்த அனுகூலமே காரணம். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பெறப்படுகிறது: வி-பெல்ட்டின் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தேய்ந்து மெலிந்த பெல்ட் உள்ளே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டால், நெருக்கும் பிடி அகன்று, பிடித்து நழுவிப் பிடித்து நழுவி விநாடிக்குப் பலநூறு தடவை அதிர்கிறது. நாம் கேட்கின்ற கூச்சல் அந்த அதிர்வுதான். தேய்மானத்தால் மட்டுமே இப்படி நேர்வதில்லை. தளர்ச்சி, எண்ணெய், ஈரம், புல்லியின் கோணல், பெல்ட் தாங்க முடியாத சுமை ஆகிய எதனாலும் அதே நழுவல் உண்டாகலாம். அதனால்தான் சப்தத்தை மட்டும் கேட்டுப் பெல்ட்டின்மேல் குற்றம் சாட்டுவது நியாயமாகாது என்கிறேன்.

நாமக்கல் பரமத்தி சாலையில், லாரி வேலைகளுக்கு நடுவே கார்களையும் பார்க்கின்ற ஒரு பட்டறையில், கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கும் மெக்கானிக்குக்கும் நடந்த சம்பாஷணை இவ்விடத்தில் பயன்படும். "ஏனுங்க, புது பெல்ட் போட்டு ரெண்டு மாசங்கூட ஆகலீங்க, மறுபடியும் கத்துது" என்றார் வந்தவர். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. "எப்பங்கண்ணா கத்துது? எடுத்தவுடனேயா, ஓடயிலயா?" என்று கேட்டார். "காலையில எடுத்தவுடனேதானுங்க. கொஞ்ச தூரம் போனா நின்னுரும்." "செல்ஃப் எப்படி அடிக்குது?" "அது ஒரு மாசமா இழுத்து இழுத்துத்தானுங்க சுத்துது." "அப்பப் பெல்ட்டை உடுங்கண்ணா, மொதல்ல பேட்டரியப் பார்த்துருவோம்" என்று சொல்லி அவர் எழுந்தார். பேட்டரியின் முனைகளில் வெண்பச்சை நிறமாய் உப்புப் பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிளாம்பை இறுக்கிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்ததில் பேட்டரியின் ஒரு செல் செத்துப்போயிருந்தது தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றவே இல்லை.

நல்ல வைத்தியன் நோயாளியைத் தொடுவதற்கு முன் வேளையைக் கேட்பதுபோல, எந்த வேளையில் எந்தச் சுமையில் சப்தம் எழுகிறது என்று கேட்பதே இந்தப் பரீட்சையின் முதற்படி. காலையில் என்ஜினை எழுப்பியதும் கேட்டு, சில நிமிஷங்களில் அடங்குகின்ற கூச்சலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் வெளியே நின்ற வண்டியின் பெல்ட்டில் ஈரம் படிந்து, அது உலரும் வரையில் கத்துவது ஒன்று. அரை நிமிஷத்தில் அடங்கினால், பெல்ட்டும் பார்வைக்கு நன்றாயிருந்தால், அதனை அலட்சியம் செய்துவிடலாம். மற்றொன்று கவனிக்கத் தக்கது. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்ட மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திரும்பச் செலுத்த முனைகின்ற அந்தச் சில நிமிஷங்களில்தான் அதைச் சுழற்றுவதற்குப் பெல்ட்டுக்கு மிகுந்த பலம் வேண்டியிருக்கிறது. பேட்டரி க்ஷீணித்திருந்தால் அந்தச் சில நிமிஷங்கள் கால் மணியாக நீள்கின்றன. ஓய்ந்து நிற்கும் நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவும், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் அளவும் மீட்டரில் காண வேண்டும். நின்றபோது 12-க்குக் கீழேயோ, ஓடும்போது 15-ஐ நெருங்கியோ முள் காட்டினால் கோளாறு மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது என்று நிர்ணயித்துக்கொண்டு, பெல்ட்டின்மேல் உள்ள சந்தேகத்தைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம்.

அடுத்த பரீட்சை சுமையை நாமே ஏற்றிப் பார்ப்பது. என்ஜின் சூடாகி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட்டையும், காற்றாடியையும், பின்கண்ணாடிச் சூடேற்றி இருந்தால் அதையும் ஒருசேரப் போட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் அழுத்தினால், தளர்ந்த ஆல்டர்னேட்டர் பெல்ட் மறைக்காமல் கத்திவிடும். ஏ.சி.யைப் போட்ட கணத்தில் கூச்சல் எழுந்து, அணைத்ததும் நின்றால் அது கம்ப்ரெஸரின் பெல்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது எழுந்தால் அது ஸ்டியரிங் பம்பின் பெல்ட். பழைய அம்பாசிடரில் இருந்த டைனமோ, மெதுவாக ஓடும்போது மின்சாரமே செலுத்தாத இயல்புடையதாகையால், அந்த வண்டியில் இந்தச் சோதனையை என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டுத்தான் செய்ய வேண்டும். உரிமையாளர் ஆசைப்பட்டு அதிக வாட் ஹாலஜன் பல்புகளும், ஏர் ஹாரனும், பாட்டுப்பெட்டிக்கு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையரும் பொருத்தியிருந்தால், பெல்ட் எத்தனை புதியதானாலும் கத்தத்தான் செய்யும். டைனமோ செலுத்துகின்ற இருபது ஆம்பியர் சொச்சத்துக்கென்று அமைந்த ஏற்பாட்டிடம் கல்யாண மண்டபத்துக்கு உரிய வெளிச்சத்தைக் கேட்பது பேராசை.

சப்தத்தின் லட்சணத்தையும் சற்றே பகுத்தறிய வேண்டும். நீண்டு இழுபட்டு, என்ஜினின் வேகம் கூடக் கூடத் தானும் உரத்து ஓலமிடுவது பெல்ட் நழுவுவதன் அடையாளம். கிச், கிச் என்று சிட்டுக்குருவியின் குரலில் விட்டு விட்டுக் கேட்டு, வேகம் கூடியதும் மறைந்துபோவது புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததன் அடையாளம். கரகரவென்றோ உர்ரென்றோ ஒரு முரட்டு முழக்கம் கேட்டால் அது பெல்ட் எழுப்புவது அன்று, பேரிங் எழுப்புவது. ஐயம் தீராவிட்டால் ஒரு பாட்டிலின் மூடியில் துளையிட்டு, ஓடுகின்ற பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்க்கலாம். சப்தம் கணநேரம் நின்று மறுபடியும் தொடங்கினால் கோணலையும், நிற்பதற்குப் பதிலாக இன்னும் உரத்தால் தளர்ச்சியையும், சற்றும் மாறாதிருந்தால் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின்மேல் தண்ணீர் பட்டால் என்ஜின் நின்றுவிடுமாகையால் வாளியும் சொம்பும் வேண்டாம்.

இந்தச் சோதனைகளின்போது தோளில் துண்டோடும், முந்தானையைத் தொங்கவிட்டும், கழுத்துச் சங்கிலி ஆட ஆடவும் விசிறிக்கு எதிரே குனிவது பேரபாயம் என்பதை ஒரு முறையாவது அழுத்திச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மின்சார விசிறி பொருத்திய சில வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். கையை உள்ளே விடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிடுவதே உத்தமம்.

என்ஜினை நிறுத்தி, சூடு தணிந்த பிறகு கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். பெல்ட்டை விரல்களால் முறுக்கி அதன் விலாவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தால், ஆரோக்கியமான பெல்ட்டின் விலா மங்கலாய்க் கரும்பலகையின் நிறத்தில் இருக்கும். நழுவி நழுவிச் சூடேறிய பெல்ட்டின் விலாவோ மெருகிட்டது போல் பளபளக்கும், நகத்தால் கீறினால் தடம் பதியாது. ரப்பர் அப்படி இறுகிவிட்ட பிறகு எத்தனை இழுத்துக் கட்டினாலும் பிடிப்பு திரும்பாது. அடிப்பக்கத்தில் குறுக்கு வெடிப்புகளும், ஓரங்களில் நூல் பிரிந்து தொங்குவதும் எவர் கண்ணுக்கும் படுபவை. அவற்றைக் காட்டிலும் பலர் பார்க்கத் தவறுவது புல்லியின் பள்ளத்தைத்தான். பள்ளத்தின் தரையில் தூசியோ துருவோ படிந்து அழுக்காக இருந்தால் சந்தோஷப்படுங்கள். பெல்ட் அங்கே தொடவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. தரை வெள்ளிபோல் மின்னினால் பெல்ட் அங்கே உட்கார்ந்து ஓடியிருக்கிறது. பெல்ட்டின் மேற்பரப்பு புல்லியின் விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்க வேண்டும். புதிய பெல்ட்டைப் போட்ட பிறகும் அது குழிந்து இறங்கினால், பல்லாண்டுகள் ஓடிப் பள்ளத்துச் சுவர்களே தேய்ந்து உட்குழிந்துவிட்டன, புல்லியைத்தான் மாற்ற வேண்டும். பிற்காலத்து வண்டிகளின் அகன்ற ரிப் பெல்ட்டுகள் முற்றிலும் வேறு ஜாதி: அவற்றின் நவீன ரப்பர் வெடிக்காமலே தேயும் இயல்புடையது, ஆதலால் வெடிப்பு இல்லை என்பதை வைத்து அது நல்ல பெல்ட் என்று முடிவு செய்வதற்கில்லை, வரிகளுக்கிடையே உள்ள பள்ளத்தின் ஆழத்தைப் புதிய பெல்ட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சமவெளிக்கே உரிய ஒரு சத்துரு தூசி. சேலத்துக்கு வடக்கே மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிய சாலைகளில் மாக்னஸைட் தூளும், நாமக்கல் பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்கின்ற மில்களின் வாசலில் சோளத்தூளும், ஜவ்வரிசி ஆலைகளின் களத்தை ஒட்டி மாவும் காற்றோடு கலந்து வந்து பெல்ட்டின் பள்ளத்தில் படிகின்றன. கல்தூள் உப்புத்தாளைப் போலச் சுவரை அராவுகிறது. மாவுத்தூள் பனி ஈரத்தில் பசையாகி, உலர்ந்து, பெல்ட்டின் விலாவில் பொருக்காய் ஒட்டுகிறது. பெல்ட்டைக் கழற்றிப் பள்ளங்களை உலர்ந்த பிரஷ்ஷாலும், அதற்கும் போகாததைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் துடைத்துக் காயவிட்டுப் பூட்டினாலே கூச்சல் நின்றுவிடுகின்ற வண்டிகள் இப்பிராந்தியத்தில் கணிசம். பெட்ரோலாலோ டீசலாலோ பெல்ட்டைக் கழுவலாகாது, ரப்பர் ஊறிப்போகும்.

தூசியைவிடக் கொடியது எண்ணெய். பெல்ட்டில் எண்ணெய்ப் பசை தென்பட்டால் பெல்ட்டைத் துடைப்பது இரண்டாவது வேலை; எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே முதல் வேலை. கிராங்க் புல்லிக்குப் பின்னுள்ள ஆயில் சீல் கசிந்தால், சுழல்கின்ற புல்லியே எண்ணெயை வட்டமாக வீசிப் பெல்ட்டுக்குப் பூசுகிறது. மேலே ராக்கர் கவரின் காஸ்கெட் கசிந்தாலும் என்ஜினின் முகப்பு வழியாக வழிந்து அதே இடத்துக்கு வந்து சேரும். ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து கூலன்ட் சொட்டுவதும் இதே விளைவைத் தரும். பச்சை நிறக் கூலன்ட் உலர்ந்த இடத்தில் விடுகின்ற பிசுபிசுப்பு, ஈரம் போலன்றி, நாள்கணக்கில் கத்த வைக்கும். எண்ணெயில் ஊறி உப்பிய பெல்ட் மறுபடி நல்ல பெல்ட்டாவதில்லை, அதை எறிந்துவிடலாம். ஆனால் கசிவை நிறுத்தாமல் புதியதைப் போடுகின்றவர் அதையும் சீக்கிரத்தில் எறிய வேண்டிவரும்.

இனி கோணல். பழைய அம்பாசிடர்களிலும் பத்மினிகளிலும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்துகின்ற வழக்கம் நம் பட்டறைகளில் நெடுங்காலமாக உண்டு, நல்ல வழக்கம்தான். ஆயினும், வேறொரு வண்டிக்கென்று செய்த ஆல்டர்னேட்டரை இந்த வண்டியின் தாங்கியில் உட்கார வைக்கும்போது, இடையே போட வேண்டிய வாஷர் ஒன்று குறைந்தாலோ கூடினாலோ அதன் புல்லி மற்ற இரண்டின் தளத்திலிருந்து முன்னோ பின்னோ விலகி நின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குமாரபாளையத்தில் எந்தத் தறிக்கூடத்திலும் கிடைக்கின்ற முறுக்கு நூலில் ஒரு முழம் எடுத்து, கிராங்க் புல்லியின் முகத்தையும் ஆல்டர்னேட்டர் புல்லியின் முகத்தையும் தொட்டு விறைப்பாகப் பிடித்துப் பார்த்தால், நூல் ஒரு விளிம்பில் படிந்து மறு விளிம்பில் விலகி நிற்பது பிரத்தியட்சமாகத் தெரியும். விளிம்புகளின் தடிப்பு வெவ்வேறாக இருக்கக் கூடுமாதலால், விளிம்பை மட்டும் நம்பாமல், பெல்ட் இரண்டு பள்ளங்களுக்கும் நேராக நுழைகிறதா என்று மேலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதும் அவசியம். பெல்ட்டின் ஒரு விலா மட்டும் தேய்ந்து மறு விலா புதிதாக இருப்பதும் கோணலுக்கு நல்ல சாட்சி.

பேரிங்கைச் சோதிப்பதற்குப் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய பிறகு என்ஜினைச் சிறிது நேரம், ஒரு நிமிஷத்துக்கு மேற்படாமல், ஓடவிட்டுக் கேளுங்கள். வாட்டர் பம்ப் சுழலாதாகையால் அதற்கு மேல் ஓட்டுவது ஆபத்து, சார்ஜ் லைட் எரிவது கண்டு கலங்க வேண்டாம். சப்தம் மறைந்துவிட்டால் கோளாறு பெல்ட்டிலோ அது ஓட்டுகின்ற உறுப்புகளிலோ இருக்கிறது. மறையாவிட்டால் அது என்ஜினுக்குள்ளே எழுவது: மாருதி 800-இல் டைமிங் பெல்ட் பல்லுடையதாகையால் நழுவிக் கத்தாது என்றாலும் அதன் டென்ஷனர் பேரிங் சீறுவதுண்டு, அந்தச் சந்தேகம் வந்தால், டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்பதை நினைத்துத் தாமதிக்காமல் கவரைத் திறந்து பார்க்க வேண்டும். பெல்ட் இல்லாத அந்த நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். நல்ல பேரிங் ஓசையின்றி வழவழவென்று சுழலும். கெட்டது மணலை அரைப்பது போல் விரல் நுனிக்கே தெரியும். விசிறியை முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் வாட்டர் பம்பின் தண்டில் உள்ள ஆட்டம் அகப்படும். பம்பின் அடியில் இருக்கின்ற சிறு கசிவுத் துளையிலிருந்து தண்ணீர் வழிந்த தடம் தென்பட்டால், ஆட்டம் இன்னும் தெரியாவிட்டாலும், பம்பின் ஆயுள் முடிந்துவிட்டது.

பேரிங்குகள் இப்படி அற்பாயுளில் கெடுவதற்கு நம் பட்டறைகளில் பரவியுள்ள ஒரு தப்பான வழக்கமே பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம். "சத்தம் நிக்கிற வரைக்கும் இழு" என்பதே பல இடங்களில் பெல்ட்டுக்குரிய சாஸ்திரமாக இருக்கிறது. எண்ணெயால் கத்துவதையும் இழுக்கிறார்கள், கோணலால் கத்துவதையும் இழுக்கிறார்கள். சப்தம் நிற்கிறது, வண்டிக்காரர் திருப்தியோடு போகிறார், சில மாதங்களில் டைனமோவின் முன் பேரிங்கோ வாட்டர் பம்போ முனகத் தொடங்குகிறது. பழைய வி-பெல்ட்டுக்கு உரிய அளவு சுலபமானது: இரண்டு புல்லிகளுக்கிடையே உள்ள மிக நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் ஓரளவு பலமாக அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும், மாருதி போன்ற சிறிய, புல்லிகள் நெருங்கிய என்ஜின்களில் அதைவிடச் சற்றுக் குறைவு. சரிபார்ப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. என்ஜின் நின்றிருக்கும்போது, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் புல்லிக்குப் பின்னுள்ள சிறு விசிறித் தட்டைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பெல்ட் அசையாமல் புல்லி மட்டும் உள்ளே வழுக்கித் திரும்பினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

குங்கிலியத்தின் காரியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோலாலும் கான்வாஸாலும் ஆன தட்டைப் பெல்ட்டுக்கு அது ஒத்தது. ரப்பர் வி-பெல்ட்டுக்கு ஒவ்வாது. சோப்புக் கட்டி, மெழுகுவர்த்தி, முகப்பவுடர், தேங்காய் எண்ணெய் என்று அவரவர் கைக்கு எட்டியதைத் தேய்க்கின்றவர்களையும், கடையில் டப்பாவில் விற்கின்ற ஸ்ப்ரேயை வாங்கி அடிக்கின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாமே சப்தத்தைச் சிறிது காலம் அடக்குபவை, பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னிலும் கேடாக்குபவை. ஸ்ப்ரே ஒன்றுக்கு மட்டும் ஒரு பிரயோஜனம் உண்டு: அடித்ததும் சப்தம் மாறாவிட்டால் கத்துவது பெல்ட் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம், அதற்குத் தண்ணீரே போதும்.

சமவெளியில் மட்டும் ஓடுகின்ற வண்டிக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் மெத்தனம் பொறுக்கும். சேலத்திலிருந்து மல்லூர், இராசிபுரம் வழியாக நாமக்கல் வரை நேராக வந்து சேர்வதற்குள் தளர்ந்த பெல்ட் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஓட்டத்தில் வருகின்ற காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மலைப்பாதையில் அப்படியில்லை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் என்ஜின் அலற, வண்டி ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் விசிறி, தண்ணீர்ச் சுழற்சி ஆகிய இரண்டும் அந்த ஒரே பெல்ட்டை நம்பி நிற்கின்றன. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பெல்ட்டை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுவது நல்ல வழக்கம். ஏறும்போது சார்ஜ் லைட் எரிந்து, வெப்பமானியின் முள்ளும் உயரத் தொடங்கினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று கொண்டு, அடுத்த வளைவு வரை என்று நீட்டாமல், இடம் கண்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறும் வரை தொடக் கூடாது.

இத்தனை விசாரணைக்கும் பிறகு பெல்ட்தான் தேய்ந்தது என்று முடிவானால், பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து, அதே அகலமும் நீளமும் உள்ளதை வாங்குங்கள். எண் அழிந்திருந்தால் பழையதையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், ஆனால் பழையது நீண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, வண்டியின் மாடலையும் சொல்லிக் கேளுங்கள். மதுரையில் ஆலை வைத்திருக்கின்ற ஃபென்னரின் பெல்ட்டுகள் இந்த வட்டாரத்து உதிரிபாகக் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. அகலம் குறைந்த பெல்ட் பள்ளத்தில் இறங்கிவிடுமாகையால் "இதுவும் ஒக்கும்" என்று கடைக்காரர் தருவதை வாங்கலாகாது.

பூட்டும்போது டைனமோ கீல்போல் அசைவதற்கென்று உள்ள இரண்டு போல்ட்டுகளையும், நீள்துளைப் பட்டையில் உள்ள போல்ட்டையும் தளர்த்தி, டைனமோவை என்ஜின் பக்கமாக முழுவதும் தள்ளிவிட்டு, அம்பாசிடரில் விசிறியின் ஒவ்வோர் இறக்கையாகக் கடத்திப் பெல்ட்டை உள்ளே நுழைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரையோ டயர் லீவரையோ கொடுத்து நெம்பி ஏற்றினால் பெல்ட்டுக்குள் இருக்கின்ற நூல் இழைகள் வெளியே தெரியாமல் அறுந்துபோகும். ஏற்றிய பின் டைனமோவைக் கையாலேயே வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதலில் பட்டையின் போல்ட்டையும் பிறகு மற்ற இரண்டையும் இறுக்குங்கள். கையின் பலம் போதாதபோது சுத்தியலின் மரப்பிடியை டைனமோவின் முன்முனைத் தடிப்பான பாகத்தில் மட்டும் முட்டுக் கொடுக்கலாம், நடு உடலில் கொடுத்தால் தகரம் நசுங்கும். புதிய பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே பள்ளத்தில் படிந்து சற்றுத் தளர்வது இயற்கை. ஆகையால் சேலத்திலிருந்து கரூர் வரை போய் வருகின்ற அளவு ஓட்டத்துக்குப் பின், என்ஜின் ஆறியதும், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் இன்னொரு தரம் இறுக்கிவிட வேண்டும். கழற்றிய பெல்ட்டில் நூல் பிரியாதிருந்தால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிக்கியில் டீசல் கேனோ பேட்டரி ஆசிடோ படாத ஒரு மூலையில், மேற்சொன்ன போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர்களோடு போட்டு வையுங்கள்.